நாவின் முடிச்சு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்ல இரண்டு மலைப்பாதைகள் உள்ளன. கொண்டை ஊசி வளைவுகளால் புகழ்பெற்றது ஒன்று. குப்பனூர் வழியாக ஏறுவது மற்றொன்று. சேர்வராயன் மலையடிவாரத்துக் குப்பனூரிலோ, அதற்கு மேலே சரிவுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அமைந்துள்ள மலைவாழ் மக்களின் சிற்றூர்களிலோ, மூன்று வயது நிரம்பியும் பேச்சு வராத குழந்தை ஒன்று இருக்குமானால், அதன் தாய்க்கு ஊரார் சொல்லும் ஆறுதல் யாதாக இருக்கும்? "அவன் அப்பனும் இப்படித்தான், ஐந்து வயதில்தான் வாய் திறந்தான். வசம்பை உரைத்து நாக்கில் தடவு. சாமிக்கு நேர்ந்துகொள். தானாக வரும்."

இந்த ஆறுதல் குப்பனூருக்கு மட்டும் உரியதன்று. கோயில் என்ற இடத்தில் தர்கா என்றும், நேர்த்திக்கடன் என்ற இடத்தில் தாயத்து என்றும் மாற்றிக்கொண்டால், வாணியம்பாடியிலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இதே சொற்களைக் கேட்கலாம்.

"தானாக வரும்" என்றால், சில குழந்தைகளுக்கு வரவும் செய்கிறது. வராத குழந்தைகளுக்கோ, காத்திருந்து கழித்த ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. இந்தச் சிறு உண்மையை உணர மனித இனத்துக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. மருத்துவமனைகளில் இன்று 'ஸ்பீச் தெரபி' என்று வழங்கப்படும் பேச்சுப் பயிற்சி மருத்துவம், ஒரு தனிக் கலையாக உருப்பெற்று நூறாண்டுகளே ஆகின்றன. நம் நாட்டில் அதற்கு அறுபது வயது. ஆனால் அக்கலைக்கு அடிப்படையான அறிவு, அதாவது ஒலி எங்கே பிறக்கிறது, நா எங்கே பொருந்துகிறது என்னும் அறிவு, நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. இருந்த அறிவு இல்லாதவனைச் சென்றடைய ஏன் இத்தனை காலம் பிடித்தது? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

ஒலியை ஆராய்ந்த இரு மரபுகள்

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இரண்டு பெரும் மொழி மரபுகளுக்கு உரியவர்கள். ஒன்று தமிழ், மற்றொன்று அரபி. இவ்விரு மொழிகளின் இலக்கண ஆசிரியர்களும், எழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே வாயின் உள்ளே நோக்கினார்கள்.

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் 'பிறப்பியல்' என்றே தனி ஓர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நிலைபெற்று, நா, பல், இதழ், அண்ணம், மூக்கு ஆகிய உறுப்புகளின் தொழிலால் வேறு வேறு எழுத்தாக வெளிப்படுகிறது என்று தொல்காப்பியர் வகுத்துரைக்கிறார். நுனிநா அண்ணத்தைத் தொடும் எழுத்து எது, வருடும் எழுத்து எது, மேற்பல்லும் கீழ் உதடும் பொருந்தும் எழுத்து எது என்றெல்லாம் அவர் பிரித்துக் காட்டும் நுட்பம் இன்றைய ஒலியியலாரையும் வியக்க வைப்பது.

அரபியில் இப்பணியைத் தொடங்கி வைத்தவர் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது ஆவார். கி.பி. எட்டாம் நூற்றாண்டினரான இவர், அரபியின் முதற்பேரகராதியைத் தொகுத்தபோது, வழக்கமான எழுத்து வரிசையைக் கைவிட்டார். தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் எழுத்துகளில் தொடங்கி உதட்டில் பிறக்கும் எழுத்துகளில் முடியும் புதிய வரிசை ஒன்றை அமைத்தார். 'ஐன்' என்னும் தொண்டை எழுத்தில் தொடங்கியதால் அந்நூலுக்குக் 'கிதாபுல் ஐன்' என்றே பெயர் வந்தது. அவருடைய மாணவரும் பாரசீக மரபினருமான சீபவைஹி, அரபி எழுத்துகளுக்குப் பதினாறு பிறப்பிடங்கள் உண்டு என்று கணக்கிட்டார். பிறப்பிடத்துக்கு 'மக்ரஜ்' என்று பெயர். திருக்குர்ஆனைத் திருத்தமாக ஓதும் தஜ்வீத் கலை இந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததே.

கி.பி. 1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா இன்னும் ஒரு படி மேலே சென்றார். எழுத்துகள் தோன்றும் காரணங்களைப் பற்றி ஆறு அதிகாரங்கள் கொண்ட சிறு நூல் ஒன்றை எழுதினார். அதில் குரல்வளையின் குருத்தெலும்புகளையும் தசைகளையும் நாவின் அமைப்பையும் மருத்துவக் கண்கொண்டு விளக்கினார். இலக்கணமும் உடற்கூறும் ஒரே நூலில் கைகோத்து நின்ற இடம் அது. இன்றைய பேச்சுப் பயிற்சியாளர் கற்கும் பாடங்களும் அடிப்படையில் இவ்விரண்டுமேயாம்.

பிழைபட்ட பேச்சைப் பதிவு செய்தவர்

திருத்தமான ஒலியை ஆராய்ந்தவர்கள் பலர். பிழைபட்ட ஒலியை ஆராய்ந்தவர்கள் சிலரே. அச்சிலருள் தலையாயவர் பஸராவின் உரைநடை வேந்தர் அல்ஜாஹிழ். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர், 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் தம் பெருநூலில், நாவில் புரளாத எழுத்துகளைப் பற்றி விரிவாக எழுதினார். காஃப், ஸீன், லாம், ரா ஆகிய நான்கு எழுத்துகளில்தான் இக்குறை மிகுதியாக நேர்கிறது என்று கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் மக்கள் எந்த எழுத்தை மாற்றாக ஒலிக்கிறார்கள் என்றும் குறித்தார். இன்று பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு வரும் குழந்தையிடம் பயிற்சியாளர் முதலில் செய்வதும் இதுவே: எந்த ஒலி வரவில்லை, அதன் இடத்தில் எது வருகிறது என்று பட்டியலிடுவது.

வாஸில் இப்னு அதாவின் வரலாற்றையும் அல்ஜாஹிழே நமக்கு அறியத் தந்தார். முஃதஸிலாக் கொள்கையின் முன்னோடியான வாஸில் கி.பி. 748இல் மறைந்தவர். 'ரா' எழுத்து அவர் நாவில் வராது. அரபியில் அவ்வெழுத்து எத்தனை சொற்களில் வரும் என்பதை அறிந்தோர்க்கு, அவர் பட்ட இடர்ப்பாடு விளங்கும். ஆயினும் அவர் புகழ்பெற்ற சொற்பொழிவாளர். எப்படி? 'ரா' வரும் சொல் ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிட்டு, அதே பொருள் தரும் வேறு சொல்லை அக்கணமே எடுத்து வைப்பார். கோதுமையைப் 'புர்ரு' என்று சொல்லாமல் 'கம்ஹு' என்பார். அவ்வெழுத்தே இடம்பெறாத ஒரு முழுச் சொற்பொழிவையும் அவர் ஆளுநர் முன்னிலையில் ஆற்றினார். அவருடைய கொள்கையை மறுத்தவர்களும் நாவன்மையை மறுக்கவில்லை.

இவ்வரலாற்றை வியப்புக்காகவே நாம் சொல்லி வந்திருக்கிறோம். சற்று நின்று நோக்கினால் இதில் வேறொரு பாடமும் உண்டு. வாஸில் தம் குறையை நீக்கவில்லை, மறைத்தார். கடலளவு சொல்வளம் உடையவருக்கே அது இயலும். ஐம்பது சொற்களே அறிந்த மூன்று வயதுக் குழந்தை எந்தச் சொல்லை ஒதுக்கி எந்தச் சொல்லை எடுக்கும்? அது வாயை மூடிக்கொள்ளும். திக்கிப் பேசும் இளைஞர் பலர் இன்றும் வாஸிலின் வழியையே பின்பற்றுகின்றனர். தம் பெயரின் முதலெழுத்து வராது என்பதற்காகப் பெயரைக் கேட்டாலே விலகிப் போகின்றனர். கடையில் வேண்டிய பொருளைக் கேளாமல், சொல்ல எளிதான வேறு பொருளை வாங்கித் திரும்புகின்றனர். வெளியார் கண்ணுக்கு இவர்களிடம் குறையே தெரியாது. உள்ளே நடக்கும் போராட்டம் அவர்களுக்கே தெரியும்.

தத்துவ ஞானி அல்கிந்தீ பேச்சுக் குறையைப் பற்றித் தனியே ஒரு நூல் யாத்தார். குர்துபாவைச் சார்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, நாவின் அடியில் உள்ள தசைநாண் குறுகி நாவைக் கட்டிப்போட்டிருந்தால் அதை அறுத்து விடுவிக்கும் முறையை எழுதி வைத்தார். இவையெல்லாம் பெருமைக்குரியவையே. எனினும் இவை அறிஞர் அவையிலும் அரண்மனை மருத்துவரிடமும் நின்றுவிட்டன. பேச இயலாத ஏழைக் குழந்தையை நாள்தோறும் அருகே அமர்த்திப் பேச வைக்கும் ஒரு தொழிலாக அவை மலரவில்லை.

அறிவு அங்கே நின்றாலும், அருள் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டியதையும், தம்மினும் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டதையும் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. பேச்சில் தடை இருப்பது தலைமைக்குத் தடையன்று. துணை கேட்பது இழிவுமன்று. திக்கித் திணறிச் சிரமத்தோடு குர்ஆனை ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி உண்டு என்னும் கருத்துடைய நபிமொழி, அன்னை ஆயிஷா (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பிலால் (ரலி) அவர்களுக்கு 'ஷீன்' வராது என்றும், அவர் சொன்ன 'ஸீனே' இறைவனிடம் 'ஷீன்' என்றும் நம்மிடையே ஒரு கதை வழங்குகிறது. ஹதீஸ் கலை வல்லார் அதற்கு ஆதாரமில்லை எனத் தள்ளிவிட்டனர். ஆதாரமற்ற அக்கதையை மக்கள் விடாமல் பற்றிக்கொண்டதற்கும் ஒரு காரணம் உண்டு. நா புரளாத எளியவருக்கு அதில் ஆறுதல் கிடைத்தது.

மேற்கே உருவான தொழில்

பேச்சுப் பயிற்சி தனித் தொழிலாக உருப்பெற்றது மேலை நாடுகளில். அதற்கு மூன்று வாயில்கள் இருந்தன.

முதல் வாயில் செவிடர் பள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இப்பள்ளிகள் பெருகின. செவிடருக்குச் சைகையால் கற்பிப்பதா, வாய்ப்பேச்சால் கற்பிப்பதா என்ற வழக்கு முற்றியது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சுக்கே முடிசூட்டி, சைகையைப் பள்ளிகளிலிருந்து விலக்கும்படி தீர்மானித்தது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் இக்கட்சியினரே. அவருடைய தாயாரும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள். தந்தையார் ஒலிகளை வரைகுறிகளால் எழுதும் முறையை வகுத்தவர். நல்லெண்ணத்தில் எடுத்த மிலான் தீர்மானம், கைகளால் சரளமாக உரையாடிய மக்களின் கைகளைக் கட்டிப்போட்டது. ஒரு மனிதனுக்குப் பேச்சைத் தருகிறோம் என்று அவனுடைய மொழியைப் பறித்துவிடக் கூடாது என்பதை அறிய இன்னும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

இரண்டாம் வாயில் மூளை. 1861இல் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். அவர் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வார். தாம் பேச முயன்றால் 'டான்' என்னும் ஒரே ஓசைதான் வெளிவரும். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. 1874இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆற்றலுக்கு மூளையில் வேறோர் இடம் உண்டு என்று காட்டினார். பேச்சு போனதால் அறிவு போயிற்று என்று பொருளாகாது என்னும் பேருண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

மூன்றாம் வாயில் போர். இரு உலகப் போர்களிலும் தலையில் காயமுற்றும் அதிர்ச்சியுற்றும் பேச்சிழந்து திரும்பிய வீரர்கள் ஆயிரக்கணக்கானவர். அவர்களுக்குப் பயிற்சியளித்து அனுபவம் பெற்றவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியரான லயனல் லோக். அவரிடம் 1926இல் வந்து சேர்ந்த மாணவர் பிற்காலத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானார். இந்தியாவை ஆண்ட கடைசிப் பிரிட்டிஷ் மன்னர் அவரே. உலகின் கால் பங்கை ஆண்ட அரசும் ஒரு மனிதனின் திக்குவாயை ஆணையிட்டுத் திருத்த இயலவில்லை. பொறுமையான பயிற்சிதான் கைகொடுத்தது. அமெரிக்காவில் 1925இலும், பிரிட்டனில் 1945இலும் இத்தொழிலினர் தமக்கென அமைப்புகளை நிறுவிக்கொண்டனர்.

நம் நாட்டில்

இந்தியாவிலும் முதலில் திறந்தது செவிடர் பள்ளியின் கதவே. பம்பாயில் 1885இலும், கல்கத்தாவில் 1893இலும் பள்ளிகள் தோன்றின. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் என்னும் கிறிஸ்தவ ஊழியப் பெண்மணி 1897இல் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. ஆனால் இவை ஆசிரியர்களை உருவாக்கினவேயன்றிப் பேச்சுப் பயிற்சி மருத்துவர்களை உருவாக்கவில்லை.

அதற்கு விடுதலைக்குப் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1965இல் மைசூரில் மத்திய அரசு ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதுவே இன்று அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் என்று வழங்குகிறது. மைசூர் மன்னர் ஜெயசாமராஜ உடையார் மானச கங்கோத்ரியில் நிலம் வழங்கினார். குடியரசுத் தலைவர் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் 1966இல் அடிக்கல் நாட்டினார். அதே காலகட்டத்தில் பம்பாய் நாயர் மருத்துவமனையிலும் படிப்பு தொடங்கியது. இவ்விரு ஊற்றுகளிலிருந்தே இந்தியாவின் பேச்சுப் பயிற்சியாளர் முதல் தலைமுறை புறப்பட்டது.

1983இல் பம்பாயில் செவிப்புலன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனம் தோன்றியபோது, அதற்கு அலி யாவர் ஜங் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திலும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராகவும், பல நாடுகளில் இந்தியத் தூதராகவும், மகாராஷ்டிர ஆளுநராகவும் பணியாற்றிய பெருமகன் அவர். மொழியாலும் பேச்சாலும் நாட்டுக்குத் தொண்டாற்றிய ஒருவரின் பெயர் அந்நிறுவனத்துக்கு அமைந்தது பொருத்தமே.

சென்னையில் 1969இல் சரஸ்வதி நாராயணசாமி அவர்கள் நிறுவிய பால வித்யாலயா, தமிழகத்தின் பங்களிப்பில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. செவிப்புலன் குறைந்த சிசுக்களைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்து, தாயை உடன் அமர்த்தி, வீட்டில் நாளெல்லாம் எப்படிப் பேச வேண்டும் என்று தாய்க்கே கற்பித்து, ஐந்து வயதுக்குள் பொதுப்பள்ளிக்கு அனுப்புவது அதன் நெறி. பயிற்சியாளரிடம் குழந்தை இருப்பது வாரத்தில் சில மணி நேரம். தாயிடம் இருப்பது எஞ்சிய நேரமெல்லாம். ஆகவே தாயே முதல் மருத்துவர் என்பது அங்கே கொள்கையாயிற்று.

1992இன் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் இத்தொழிலுக்குத் தகுதியும் பதிவும் வகுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைத் தனி ஒரு பிரிவாக ஏற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பேச்சுக் குறைபாடு உடையோர் சுமார் 20 லட்சம். செவிப்புலன் குறைந்தோர் சுமார் 50 லட்சம்.

தமிழுக்கென ஓர் அளவுகோல்

இத்தனை நிறுவனங்கள் வந்த பின்னும் ஒரு பெருங்குறை நின்றது. பயிற்சியாளர் கற்ற நூல்கள் ஆங்கிலம், சோதனைகள் ஆங்கிலம், வந்து நிற்கும் குழந்தையோ தமிழ். ஆங்கிலக் குழந்தைக்கு வகுத்த அளவுகோலால் தமிழ்க் குழந்தையை அளக்க முடியுமா? தமிழில் ழகரம் உண்டு. மூன்று னகரங்கள் உண்டு. எழுத்தில் ஒன்றாயிருக்கும் ககரம், சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும். எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. "நான் வருகிறேன்" என்று வீட்டில் எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லவில்லை என்பதற்காக அதைக் குறையென்பது பேதைமை. 1980களில் மைசூர் நிறுவனத்தில் தமிழ் ஒலிப்புச் சோதனை ஒன்று ஆய்வேடாக உருவாக்கப்பட்டபோது இக்குறை நீங்கத் தொடங்கியது.

வட்டார வழக்கையும் குறைபாட்டையும் பிரித்தறிவது அடுத்த சிக்கல். தென்பாண்டி நாட்டார் ழகரத்தை ளகரமாக ஒலிப்பர்; சென்னையில் அது யகரமாகும். தக்னி பேசும் நம்மவர் அரபியின் 'காஃப்' எழுத்தை 'ஃகே' போல ஒலிப்பர். இவை நோயல்ல; ஊரின் முத்திரை. சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளிகள்' என்பது பெயர். அப்பெயர் கேரளத்தைக் குறிப்பதன்று. அவர்கள் பேசுவது தமிழே. அத்தமிழுக்கென உரிய சாயல் உண்டு. சமவெளியிலிருந்து செல்லும் பயிற்சியாளர் அச்சாயலை முதலில் செவிமடுத்துப் பழகாவிட்டால், குறையில்லாத குழந்தையைக் குறையுடையதென்பார். குறையுடைய குழந்தையை 'மலைப்பேச்சு' என்று விட்டுவிடுவார். இரண்டும் தீங்கே.

நம் சமுதாயத்துக்கு நெருக்கமான மற்றொரு சிக்கலும் உண்டு. சேலம், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் ஒரே குழந்தை வீட்டில் உர்தூவும், தெருவில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், மக்தபில் அரபியும் கேட்டு வளர்கிறது. அக்குழந்தைக்குப் பேச்சு தாமதமானால், "இத்தனை மொழி எதற்கு? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவோர் உண்டு. பல மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு தோன்றுவதில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. தாய் தனக்குச் சரளமாக வரும் மொழியில் குழந்தையோடு பேசுவதே சிறந்த உணவு. வராத மொழியில் நான்கு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் தாயிடம், குழந்தை நான்கு சொற்களைத்தான் கற்கும்.

முதியோர் நிலை

பேச்சுப் பயிற்சி குழந்தைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் தாக்குண்டோர் ஒரே நாளில் பேச்சிழக்கின்றனர். குடும்பத் தலைவராயிருந்து கட்டளையிட்டவர் ஒரு குவளைத் தண்ணீர் கேட்க இயலாமல் கண்ணீர் வடிக்கிறார். வீட்டார் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கருதி, அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகின்றனர். அவரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இத்தகையோருள் சிலரிடம் வியப்பான ஒன்று நிகழ்வதுண்டு. மகனின் பெயர் வராது; ஆனால் இளமை முதல் ஓதிப் பழகிய அத்தியாயம் தடையின்றி வரும். எண்களை வரிசையாகச் சொல்வார். பழைய பாடலைப் பாடுவார். பழக்கத்தால் வருவனவும், நினைத்துச் சொல்வனவும் மூளையில் வேறு வேறு வழியாக வருவதே காரணம். இசையோடு சொல்லைப் பிணைத்துப் பேச்சை மீட்கும் முறை ஒன்றை 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறிஞர்கள் வகுத்தனர். எல்லார்க்கும் எல்லாம் மீள்வதில்லை. ஆனால் பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் கொடுக்கும் பயிற்சிக்குப் பலன் மிகுதி. கால் கை வழங்குவதற்கு எண்ணெய் தேய்க்க அலையும் குடும்பங்கள், பேச்சுக்கும் பயிற்சி உண்டு என்று அறியாமலே அந்த மாதங்களைக் கழித்துவிடுகின்றன.

முதலில் கேட்கும் செவி

மீண்டும் நம் கேள்விக்கு வருவோம். மூன்று வயதாகியும் பேசாத குப்பனூர்க் குழந்தைக்கு இன்று என்ன வழி உண்டு? முன்னிருந்ததைவிட நிச்சயமாக வழி உண்டு. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவியைச் சோதிப்பது, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்குவது என்பது உலகம் ஏற்ற நெறி. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் மையங்கள் ஏற்பட்டன. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உட்செவியில் கருவி பொருத்தும் விலையுயர்ந்த அறுவையைத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. சேலத்தில் 1986இல் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரி அடிவாரத்துக்கு எட்டாத தொலைவில் இல்லை.

இருந்தும் தடை எங்கே? முதல் தடை, கூலி. கருவி பொருத்திய குழந்தைக்கும் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பயிற்சி வேண்டும்; பயிற்சி இல்லையேல் கருவி வெறும் உலோகம். வாரம் இருமுறை மலையிறங்கி நகரம் செல்லும் தாய், வாரம் இருநாள் கூலியை இழக்கிறாள். இதனால்தான் பாதியில் நிற்போர் பலர். இதற்கு மாற்றுவழியைத் திருவண்ணாமலை மாவட்டம் காட்டியது. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அறுவையால் மூடப்பட்ட பின்னும் மூக்கால் பேசிக்கொண்டிருந்த கிராமத்துப் பிள்ளைகளுக்காக, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, பேச்சுப் பயிற்சியை வீட்டருகே கொண்டு சென்றனர். நோயாளி நகரம் செல்வதற்குப் பதில், அறிவு கிராமம் சென்றது.

இரண்டாம் தடை, காலம் கடந்து அறிவது. இங்கேதான் நம் பழைய செல்வம் பயன்பட வேண்டும். நம் மக்தபுகளில் உஸ்தாது, பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராகத் தம் முன் அமர்த்தி, எழுத்தெழுத்தாக ஓதக் கேட்கிறார். நா எங்கே படுகிறது என்று வாயைப் பார்க்கிறார். ஒரு பிள்ளையின் ஒலியை இத்தனை அருகிலிருந்து, இத்தனை நுட்பமாக, நாள்தோறும் கேட்கும் ஆசிரியர் வேறு எந்தப் பள்ளியில் இருக்கிறார்? இந்தப் பிள்ளைக்குக் காது மந்தமோ, இதன் நா கட்டுண்டிருக்கிறதோ, இது திக்குகிறதோ என்று பெற்றோருக்கும் முன்னே அறியக்கூடியவர் அவரே. 'மந்தம்' என்றும் 'சோம்பல்' என்றும் பிரம்பை எடுக்காமல், "இக்குழந்தையின் செவியைச் சோதித்துப் பாருங்கள்" என்று அவர் ஒரு சொல் சொன்னால், அச்சொல் ஒரு வாழ்க்கையின் திசையை மாற்றும். குப்பனூரிலும் மலைமேல் ஊர்களிலும் இதே இடத்தில் இருப்பவர் அங்கன்வாடி ஊழியர். 1975இல் நாட்டில் அத்திட்டம் தொடங்கிய நாள் முதல், குழந்தையின் எடையை அளக்க அவருக்குத் தராசு கொடுக்கப்பட்டது. அதன் பேச்சை அளக்க வேண்டியவை எளியவையே: ஒரு வயதில் ஒரு சொல், இரண்டு வயதில் இரு சொல் சேர்ந்த தொடர், பின்னிருந்து அழைத்தால் திரும்பும் தலை. இவை இல்லையென்றால் காத்திராமல் அனுப்ப வேண்டும்.

மூன்றாம் தடை, வெட்கம். திக்குவாயன், ஊமையன் என்னும் பட்டப் பெயர்கள் நம் ஊர்களில் ஆளின் சொந்தப் பெயரையே விழுங்கிவிடுகின்றன. பெண் பிள்ளையானால் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கின்றனர். நெருங்கிய உறவில் தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்வது பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான வாய்ப்பை மிகுவிக்கிறது என்பதையும் எல்லாச் சமூகத்தாரும் ஆறப்போடாமல் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியர் காற்று எழும் இடத்தைச் சொன்னார். கலீல் எழுத்து பிறக்கும் இடத்தைச் சொன்னார். இப்னு ஸீனா அதன் உறுப்பைச் சொன்னார். இவ்வறிவெல்லாம் வேதத்தைத் திருத்தமாக ஓதவும், செய்யுளைச் செம்மையாகச் சொல்லவும் பயன்பட்டன. அது உயர்ந்த பயனே. ஒலிக்கத் தெரிந்தவனின் ஒலியை மேலும் அழகாக்கிய அவ்வறிவு, ஒலிக்கவே இயலாதவனின் முதல் சொல்லுக்கும் பயன்பட வேண்டும் என்பது இக்காலத்தின் கடமை. மூஸா (அலை) அவர்கள் முடிச்சை அவிழ்க்க இறைவனை வேண்டினார்கள். உடன் ஒரு சகோதரனையும் கேட்டார்கள். வேண்டுதலை நம் தாய்மார்கள் குறைவின்றிச் செய்து வருகிறார்கள். குறைவாயிருப்பது அந்தச் சகோதரனே.